ஆளுக்கு ஐந்து தூண்

பழைய வீடுகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால் நான் எழுந்து போய்விடுவேன் என்று நீங்கள் எல்லாரும் என்னைக் கேலி செய்வதுண்டு. போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் நடந்தது. பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தோம். நம்மில் ஒருவர் கைப்பேசியில் மரத்தூண் வைத்த ஓட்டு வீடு ஒன்றின் படத்தைக் காட்டி, "இந்த மாதிரி வீட்டுல ஒரு நாளாவது படுத்து எந்திரிக்கணும்" என்றார். எல்லாரும் உச்சுக்கொட்டினீர்கள். நான் செருப்பைத் தேடினேன்.

நம் வயதில் ஒருத்தி எதற்காக எழுந்து போகிறாள் என்று கேட்டுவைப்பது நல்லதுதான். நீங்கள் கேட்டீர்கள். வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

அப்படி ஒரு வீட்டில்தான் நான் பிறந்தேன். பத்து வயது வரை அதில்தான் தூங்கினேன். ஆவூரிலிருந்து விராலிமலைப் பக்கம் போகும் பாதையில் இறங்கி, கண்மாய்க் கரையோடு நடந்தால் எங்கள் ஊர். என் தாத்தாவின் அப்பா கட்டிய வீடு அது. கட்டியது என்று சொல்வதைவிடக் கோத்தது என்று சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்த வீட்டில் முதலில் நின்றது மரம். சுவர் பிறகுதான் வந்தது.

கிழக்கு மேற்காக நீளமான வீடு. வடக்கே ஐந்து தூண், தெற்கே ஐந்து தூண். ஒவ்வொரு தூணும் ஒரு கருங்கல் அடிக்கல்லின் மேல் நின்றது. மண்ணில் புதைக்கவில்லை, கல்லில் உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். தூண்களின் தலையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை உத்திரங்கள். எதிரெதிர்த் தூண்களை இணைத்துக் குறுக்கே விட்டங்கள், மொத்தம் ஐந்து. ஒவ்வொரு விட்டத்தின் நடுவிலும் ஒரு குட்டைக்கால் நின்று கூரையின் முகட்டு மரத்தைத் தாங்கியது. முகட்டிலிருந்து இரு பக்கமும் பனங்கைகள் சரிந்து இறங்கின. அவற்றின்மேல் நாட்டு ஓடு. இத்தனையிலும் ஓர் இரும்பு ஆணி கிடையாது. மரத்தில் துளை போட்டு மரத்தாலேயே முளை அடித்திருந்தார்கள்.

தூணில் கை வைத்தால் வழவழப்பாக இருக்காது. தச்சர் வாய்ச்சியால் கொத்திய தடம் சின்னச் சின்ன அலையாக விரலில் படும். எண்ணெய் பூசிப் பூசி மரம் கறுத்துப்போயிருந்தது. வெயில் காலத்து மதியத்தில் அந்த எண்ணெய் இளகி ஒரு காரமான வாசனை வரும். அப்போது வீட்டில் பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்தாமலே கொஞ்சம் கண்ணைக் கசக்கிக்கொள்வார்கள்.

தூணுக்கும் விட்டத்துக்கும் அடையாளம் உண்டு. கீழே வைத்துச் செதுக்கும்போது எது எதில் பொருந்தும் என்று மறக்காமல் இருக்க, தச்சர்கள் உளியால் கீறியிருந்தார்கள். தூணில் மூன்று கீறல் இருந்தால் அதன் தலையில் உட்காரும் மரத்திலும் மூன்று கீறல் இருக்கும். எழுத்துப் படிக்கும் முன்பே நான் எண்ணப் படித்தது அந்தக் கீறல்களில்தான். எனக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தது அத்தை.

அத்தை என் அப்பாவின் தங்கை, சித்தப்பாவின் அக்கா. இருவருக்கும் நடுவில் பிறந்தவள். கடற்கரைப் பக்கம் ஓர் ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். நான்கே வருடத்தில் தகரப் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். ஏன் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கோடையில் புளியங்கொட்டை தட்டுவாள், மற்ற நாளில் கோயில் கூட்டுவாள். வாய் அதிகம். பங்குச் சாமியாரின் நடையை அவருக்குப் பின்னாலேயே நடந்து காட்டுவாள். என்னை "வாடி என் வத்தல்" என்றுதான் கூப்பிடுவாள், நான் அவ்வளவு ஒல்லி.

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது ஒரு பெருமழையில் வடக்குச் சுவர் முழுவதும் கரைந்து விழுந்தது. வெறும் செம்மண் சுவர். விடிந்து பார்த்தால் சுவரைக் காணோம், வீடு நிற்கிறது. தூணும் உத்திரமும் பனங்கையும் விலா எலும்பு மாதிரித் தெரிய, உள்ளே நாங்கள் பாயில் உட்கார்ந்திருக்கிறோம். தெருவில் போனவர்கள் எல்லாம் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். நாங்களும் சிரித்தோம். நான்கு நாளில் மண் குழைத்துச் சுவரை மறுபடி வைத்துவிட்டார்கள். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அன்றைக்கு அவர் வகுப்பிலேயே இதைப் பாடம் மாதிரிச் சொன்னார். "செவுரு போனா வீடு போகாது. எங்க வீடு மரத்துல நிக்கிது."

அதை அவர் நம்பினார். பின்னால் வந்த கேடு அந்த நம்பிக்கையிலிருந்துதான் வந்தது என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம் சித்தப்பா துபாயிலிருந்து வந்துவிட்டார். அங்கே கட்டடங்களுக்குக் கம்பி கட்டுகிற வேலை. வந்த அன்றே விட்டத்தை அண்ணாந்து பார்த்து, "இன்னும் இதுக்குள்ளயே கெடக்கீங்களா? மரம் கறையானுக்கு. மனுசனுக்குக் காங்கிரீட்டு" என்றார். அவர் கிண்டலாகத்தான் சொன்னார். அப்பாவுக்குச் சுருக்கென்றது. தம்பி ஊரில் இல்லாத ஆறு வருடமும் அவர்தான் ஓடு மாற்றி, எண்ணெய் பூசி, கறையான் தட்டி அந்த வீட்டைக் காத்தவர்.

அங்கே தொடங்கியது. தம்பிக்குக் காங்கிரீட்டில் தளம் போட்ட மெத்தை வீடு கட்ட வேண்டும். அதற்கு இடம் வேண்டும், மரமும் வேண்டும். கதவு நிலைக்கும் சன்னலுக்கும் அந்தக் காலத்து மரம் மாதிரி கிடைக்காது. "பங்கப் பிரிச்சிருவோம்ணே" என்றார். அப்பா, "பிரிச்சுக்க" என்றார். அதன் பிறகு அவர்கள் இருவரும் நேராகப் பேசிக்கொண்டதை நான் பார்க்கவில்லை.

ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் வந்து வீட்டுக்குள் நின்றார்கள். ஆவணி மாதம். வெயில் ஓட்டின் இடுக்கு வழியாக அவர்களுடைய சட்டைகளில் புள்ளி புள்ளியாக விழுந்தது. கிழக்குப் பாதி மூத்தவருக்கு, மேற்குப் பாதி இளையவருக்கு என்று முடிவானது. கிழக்கே இரண்டு இரண்டாக நான்கு தூண். மேற்கே நான்கு தூண். நடுவில் எதிரெதிராக ஒரு சோடி மிச்சம். ஒருவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வடக்குத் தூணு பெரியவருக்கு, தெக்குத் தூணு சின்னவருக்கு. ஆளுக்கு அஞ்சு" என்றார். மற்ற மூவரும் தலையாட்டினார்கள். அவ்வளவு சரியான பங்கு. யாராலும் குறை சொல்ல முடியாது.

அத்தை கதவருகில் நின்றாள். "அண்ணே, தம்பி, எல்லாத்தையும் பிரிச்சிட்டீங்க. என்னைய எந்தப் பக்கம் வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். பெரியவர்களும் சிரித்தார்கள். "ஒனக்கென்ன ஆத்தா, ரெண்டு வீடும் ஒன் வீடுதான்" என்றார் ஒருவர். அவளுக்கு என்று ஓர் ஓடுகூட எழுதப்படவில்லை. இன்றைக்கு நினைத்தால் வியப்பாக இருக்கிறது. அன்றைக்கு எனக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

பிரிக்க வந்த ஆசாரியார் வயதானவர். வீட்டைச் சுற்றி வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, அப்பாவிடம் வந்தார்.

"வாத்தியாரய்யா, மேக்கால நாலு தூணக் கழட்டலாம். ஒண்ணும் ஆகாது. ஆனா நடுத்தூணுல ஒண்ண மட்டும் உருவக்கூடாதுங்க. நடு விட்டத்தோட ஒரு கையி வடக்குத் தூணுல இருக்கு, ஒரு கையி தெக்குத் தூணுல இருக்கு. அந்த விட்டந்தான் முகட்டத் தாங்குது. கட்டிலுல ஒரு காலக் கழட்டிட்டுப் படுக்க முடியுங்களா?"

"என்ன செய்யலாங்குறீங்க?"

"மழக்காலம் போகட்டும். அந்த எடத்துல செங்கல்லுல ஒரு தூணு கட்டுங்க. காஞ்சு நிக்கட்டும். அப்பறம் மரத்த எடுத்துக்கட்டும். தம்பிக்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க, விட்டுக்குடுப்பாரு."

அப்பா உள்ளே போய்விட்டார். அதே ஆசாரியார் சித்தப்பாவிடமும் போய் இதையே சொன்னார். சித்தப்பா, "அண்ணன் வந்து கேக்கட்டும். இப்பவே விட்டுட்டுப் போறேன்" என்றார்.

பிறகு அத்தைதான் நடந்தாள். சித்தப்பாவும் சித்தியும் அப்போது எங்கள் வீட்டுக்கு மேற்கே, மெத்தை வீட்டின் அடித்தளத்துக்கு வானம் தோண்டிய இடத்தின் ஓரத்தில் ஓலைக்கொட்டகை போட்டிருந்தார்கள். கூப்பிடு தூரம். அத்தை இங்கிட்டும் அங்கிட்டும் எத்தனை முறை போனாள் என்று எனக்குக் கணக்கில்லை.

"அண்ணே, ஒரு வார்த்த. 'தம்பி, தை வரைக்கும் இருக்கட்டுப்பா'ன்னு. அம்புட்டுத்தான். நான் வேணா ஓங் குரலுல பேசிட்டு வந்துரவா?"

"என் வாயால கேக்க மாட்டேன். அவன் பங்கு, அவன் எடுத்துக்கட்டும்."

அங்கே போய் வருவாள். "அவன் அவ்வளவு சொல்றான்ணே. நீ வந்து நின்னாப் போதுமாம்."

"நான் போய் நிக்கணுமா?"

அம்மாவும் கெஞ்சிப் பார்த்தாள். "கோயில்ல ஒரு ரூமு சும்மா கெடக்குதாம். சாமியாரக் கேட்டா மழ முடியிற வரைக்கும் தருவாரு. பிள்ளைய வச்சுக்கிட்டு எதுக்குங்க இந்த வம்பு?" என்றாள். அப்பா, "தம்பி வெரட்டிவிட்டான், கோயில்ல போய்ப் படுத்திருக்கான்னு ஊரு பேசவா?" என்று கத்தினார். அம்மாவிடம் அவர் கத்தியதை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

புரட்டாசியில் மேற்குப் பாதியைப் பிரித்தார்கள். ஓட்டை இறக்கி அடுக்கினார்கள். முளைகளைத் தட்டிக் கழற்றும்போது அவை வெளியே வர மறுத்தன. ஒவ்வொரு முளைக்கும் ஓர் ஆள் ஒரு மணி நேரம் தட்டினான். கடைசியில் நடுத்தூண். விட்டத்துக்கு அடியில் சவுக்குக் கழிகள் நான்கைச் சேர்த்துக் கட்டி முட்டுக் கொடுத்தார்கள். தூணை உருவினார்கள். தூணோடு அதன் அடிக்கல்லையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கல்லும் தூணோடு சேர்ந்த பங்குதானே. முட்டுக்கழியின் அடியில் ஒரு பலகைத் துண்டை வைத்தார்கள். பலகைக்குக் கீழே வெறும் மண் தரை.

அத்தை தன் பாயையும் தகரப் பெட்டியையும் அந்த முட்டுக்கழியின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். அம்மா திட்டினாள். "இந்த எடந்தான் அவுகளுக்கும் இல்ல, இவுகளுக்கும் இல்ல. எனக்குச் சரியா இருக்கு" என்றாள் அத்தை.

பாதி வீட்டில் வாழ்வது எப்படி இருக்கும் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? மேற்குப் பக்கம் முழுக்கத் திறந்து கிடந்தது. அப்பா ஓலைத் தட்டி வைத்து மறைத்தார். காற்று அடித்தால் தட்டி அடித்துக்கொள்ளும். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. வீட்டின் சத்தம் மாறிப்போயிற்று. முன்பெல்லாம் வெயில் ஏறும்போது மரம் 'டக்' என்று ஒரு முறை சொல்லும், பிறகு அடங்கிவிடும். இப்போது மத்தியானம் முழுக்க அது முனகியது. பாரம் தூக்குகிறவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு விடும் மூச்சைப் போல.

அத்தைதான் அதை முதலில் கேட்டாள். "அண்ணே, வீடு பேசுது" என்றாள்.

"மரம் காயிது."

"நூறு வருசமா காயாததா இப்பக் காயிது?"

அப்பா அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன். "ரெண்டு பேரையும் பேச வைக்கிறதுக்கு இவ நாடகம் போடுறா." அம்மாவும் அதை நம்பினாள். சித்தி தண்ணீர்க் குழாயடியில் நாலு பேரிடம், "வாழாம வந்தவுக, எதையாச்சும் சொல்லிக்கிட்டு இருப்பாக" என்றாளாம். நானும் அப்படியே நினைத்தேன். அத்தைக்கு நடிக்கத் தெரியும் அல்லவா. சாமியார் மாதிரி நடப்பவள் வீடு மாதிரி முனக மாட்டாளா? பள்ளிக்கூடத்தில் தோழிகளிடம், "எங்க அத்த, வீடு பேசுதுங்குது" என்று சொல்லிச் சிரித்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. ஓலைத் தட்டிக்கு அடியில் தண்ணீர் புகுந்து தரையில் ஓடியது. அம்மா சாக்கைப் போட்டு அடைத்துப் பார்த்தாள். சாணி மெழுகிய தரை ஊறி, கால் வைத்தால் விரல் பதிந்தது.

நான்காம் நாள் காலையில் மழை கொஞ்சம் விட்டிருந்தது. நான் பள்ளிக்கூடம் போகச் சடை பின்னிக்கொண்டு வாசலில் நின்றேன். அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். அத்தை உள்ளேயிருந்து வந்தாள். அவள் முகத்தில் கேலி இல்லை.

"அண்ணே, முட்டுக் குடுத்த கழி அடியில நகண்டிருக்கு. பலக மண்ணுல எறங்கிருச்சு. வந்து பாரு."

அப்பா போய்ப் பார்க்கவில்லை. கடைசிப் பொத்தானைப் போட்டார்.

"அவன் எடுத்த தூணு. அவங்கிட்டப் போய்ச் சொல்லு. வந்து பாத்துட்டுப் போகச் சொல்லு."

"பேசுற நேரமாண்ணே இது? நீயே ஒரு ஆளக் கூட்டியா."

"எனக்குப் பள்ளிக்கொடத்துக்கு நேரமாச்சு."

அத்தை சாக்குப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மேற்கே நடந்தாள். என்னைத் தாண்டும்போது, "ஏய் வத்தல், நனையாமப் போடி" என்றாள். நான் அப்பாவின் குடைக்குள் புகுந்துகொண்டு கண்மாய்க் கரையில் நடந்தேன். வழியில் அப்பா ஒரு முறை மட்டும் திரும்பிப் பார்த்தார். வீடு நின்றுகொண்டிருந்தது.

மதியச் சோற்று மணி அடிப்பதற்குள் ஆள் ஓடி வந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஊரே அங்கே இருந்தது. என்னால் மறக்க முடியாதது ஒன்றுதான். சுவர்கள் நின்றன. வெறும் செம்மண் சுவர்கள் மூன்றும் அப்படியே நிற்க, அவற்றுக்கு நடுவே கூரை முழுவதும் ஒரு குவியலாகக் கிடந்தது. ஓட்டுத் துண்டுகளுக்கு மேலே பனங்கைகள் நீட்டிக்கொண்டிருந்தன. நனைந்த செம்மண் வாசனையும் பழைய எண்ணெய் வாசனையும் ஒன்றாக எழுந்து வந்தன. அம்மா பின்பக்கத்து அடுப்படிக் கொட்டகையில் இருந்ததால் தப்பியிருந்தாள். கையில் அகப்பையோடு நின்றவள், என்னைப் பார்த்ததும் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

குவியலின் மேல் சித்தப்பா இருந்தார். மண்வெட்டி கொடுத்தவர்களைத் தள்ளிவிட்டுக் கையாலேயே ஓட்டை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். முழங்கை வரை ரத்தம். அப்பா குடையை விரித்தபடியே நின்றார். மழை பெய்யவில்லை. யாரோ வந்து குடையை அவர் கையிலிருந்து வாங்கி மடக்கினார்கள்.

நடு விட்டம் அவள் மேல் கிடந்தது. அதைத் தூக்க எட்டு ஆள் வேண்டியிருந்தது. முகத்தில் ஒரு கீறலும் இல்லை என்று பெண்கள் சொன்னார்கள். என்னைப் பார்க்க விடவில்லை.

போலீஸ் வந்தது. கிராம அதிகாரி வந்தார். முன்கூட்டியே ஏதாவது தெரியுமா, யாராவது எச்சரிக்கை செய்தார்களா என்று கேட்டார்கள். அப்பா, "யாரும் எதுவும் சொல்லலைங்க. மூணு நாளு மழை" என்றார். நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளில் இருந்த அவர் கை மட்டும் இறுகியது.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் குழி மூடிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா கையில் துணிக் கட்டோடு என்னிடம் வந்து குந்தி உட்கார்ந்தார். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"ஆத்தா, நேத்துக் காலையில அத்த ஒங்கப்பாக்கிட்ட ஏதாச்சும் சொல்லுச்சா? முட்டு நகண்டிருச்சுன்னு, இல்ல வேற எதாச்சும்?"

அப்பா நான்கு அடி தூரத்தில் நின்றார். கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"ஒண்ணும் சொல்லல சித்தப்பா" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போனார். அவர் எதற்காகக் கேட்டார் என்று நான் யோசிக்கவில்லை. அப்பாவைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன். திரும்பி வரும் வழியில் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டார். பத்து வயதுப் பெண்ணை எந்த அப்பாவும் தூக்க மாட்டார். அது எனக்குச் சந்தோசமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு நடந்ததெல்லாம் ஊர் அறிந்தது. நாங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வாடகைக்குப் போனோம். சித்தப்பா அடுத்த வருடம் மெத்தை வீட்டைக் கட்டி முடித்தார். அந்தத் தூண்களை அறுத்துத்தான் கதவும் சன்னலும் செய்தார்கள். எங்கள் குடும்பத்தில் இந்தக் கதை ஒரே விதமாகத்தான் சொல்லப்பட்டது. தம்பி தூணைப் பிடுங்கினான், அக்காவைக் கொன்றான். அப்பா அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. பிறர் சொல்லும்போது மறுத்ததும் இல்லை. சித்தப்பா வீட்டுக் கல்யாணங்களுக்கு நாங்கள் போகவில்லை. என் கல்யாணத்துக்கு அவர்களைக் கூப்பிடவில்லை. அத்தையின் கல்லறைக்கு ஒரு சிலுவைகூட நடவில்லை. அண்ணன் நடுவார் என்று தம்பியும், தம்பி நடட்டும் என்று அண்ணனும் விட்டுவிட்டார்கள். இப்போது அது எந்த இடம் என்று எனக்கு உறுதியாகத் தெரியாது.

அப்பா கடைசி இரண்டு வருடம் படுக்கையில் இருந்தார். பேச்சு குழறிப்போயிற்று. மழை பெய்தால் கட்டிலை நகர்த்தச் சொல்வார். எங்கே நகர்த்தினாலும், "இங்க வேணாம், அங்கிட்டு" என்பார். காங்கிரீட்டு வீட்டில் அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு முறை என் கையைப் பிடித்து, "ஒனக்குத் தெரியும்ல" என்றார். "எனக்கு என்னப்பா தெரியும், தூங்குங்க" என்றேன். அன்றைக்கு ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு வேண்டியது அவ்வளவுதானோ என்னவோ.

அவர் இறந்தபோது சித்தப்பா வீட்டுக்கு வரவில்லை. கல்லறைத் தோட்டத்தின் கேட்டுக்கு வெளியே, மோட்டார் சைக்கிளில் மகனுக்குப் பின்னால் உட்கார்ந்தபடி பார்த்துவிட்டுப் போனார். "குத்தமுள்ள நெஞ்சு" என்று எங்கள் ஆட்கள் பேசிக்கொண்டார்கள். நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

போன மாதம் சித்தப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தெரிந்தது. எண்பதைத் தாண்டிவிட்டார். ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். பிறகு பஸ் ஏறிவிட்டேன்.

அவருடைய மருமகள் என்னை அடையாளம் தெரியாமல் விழித்தாள். சொன்னதும் உள்ளே கூட்டிப்போனாள். சித்தப்பா சுவரோரம் கட்டிலில் சாய்ந்திருந்தார். என்னை உடனே தெரிந்துகொண்டார். "வா ஆத்தா, ஒக்காரு" என்றார், நேற்றுத்தான் வந்து போனவளிடம் பேசுவது போல.

நான் சுற்றி வளைக்கவில்லை.

"சித்தப்பா, அன்னைக்குக் கல்லறையில நீங்க ஒண்ணு கேட்டீங்க. நான் பொய் சொன்னேன். அத்தை அப்பாக்கிட்டச் சொன்னாங்க. முட்டு நகண்டிருச்சுன்னு சொன்னாங்க. அப்பா போயிப் பாக்கல. உங்ககிட்டப் போய்ச் சொல்லச் சொன்னாரு."

அவர் கண் என் முகத்திலேயே இருந்தது. மருமகள் வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டாள்.

"எங்கிட்டயும் வந்தா" என்றார் சித்தப்பா. "சாக்கப் போட்டுக்கிட்டு நனைஞ்சு வந்து நின்னா. முட்டு நகண்டிருச்சு தம்பி, ஆள அனுப்புன்னா. கொட்டகைக்குள்ள நாலு ஆளு மழைக்கு ஒதுங்கி ஒக்காந்திருந்தாங்க. அனுப்பியிருக்கலாம். அண்ணன வரச் சொல்லு, வந்து கேக்கட்டும், அப்பறம் அனுப்புறேன்னேன். சரிடான்னு திரும்பிப் போயிட்டா."

"சித்தப்பா..."

"அண்ணனுக்குத் தெரியவே தெரியாதுன்னு நெனச்சேன். நீ ஒண்ணும் சொல்லலன்னு சொன்னீல்ல? அப்ப எங்கிட்ட மட்டுந்தான் சொல்லியிருக்கா, நான் ஒருத்தந்தான் அவள அனுப்பிச்சுக் கொன்னேன்னு நெனச்சேன். அண்ணன் மூஞ்சியில எப்படிடா முழிப்பேன்னுதான் போகல. செத்ததுக்கும் போகல."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஓடு கிழித்த தழும்புகள் விரலில் தட்டுப்பட்டன. அவர் அழவில்லை. நான்தான் அழுதேன்.

"அண்ணன் உசுரோட இருக்கையிலயே நீ இத வந்து சொல்லியிருந்தா, நான் போயிருப்பேன் ஆத்தா" என்றார். கோபமில்லாமல் சொன்னார். "போயி அவருகூட ஒக்காந்திருப்பேன். ரெண்டு பேருமா ஒக்காந்திருப்போம்."

பத்து வயதில் சொன்ன பொய்யை யாரும் மன்னித்துவிடலாம். முப்பது வயதிலும் ஐம்பது வயதிலும் அதை நான் திருத்தவில்லை. அப்பா பேச்சுக் குழறி என் கையைப் பிடித்தபோதும் திருத்தவில்லை. அதை எந்தக் கணக்கில் வைப்பது?

நான் கிளம்ப எழுந்தேன். சித்தப்பா மருமகளைப் பார்த்து, "சோறு போடும்மா. அண்ணன் மக வந்திருக்கு" என்றார்.

அந்த வீட்டில் இலை போட்டு உட்காரவைத்தார்கள். சோறு, ரசம், ஒரு பொரியல். சித்தப்பா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தெட்டு வருடத்தில் நான் அங்கே சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் பார்த்துக்கொண்டிருந்ததால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.